வந்தது எந்த விலங்கு? காட்டோர நிலங்களில் தடத்தைத் தவறாகப் படிப்பதைத் திருத்தும் வழிமுறை

காட்டை ஒட்டிய ஊர்களில் விடியற்காலையில் வரும் தொலைபேசி அழைப்புகள் பெரும்பாலும் ஒரு விலங்கின் பெயரோடுதான் தொடங்குகின்றன. "புலி வந்துவிட்டது" என்பார்கள்; "சிறுத்தை ஆட்டைத் தூக்கிவிட்டது" என்பார்கள். பெயரை முதலில் முடிவு செய்துவிட்டுத் தடத்தைப் பிறகு பார்க்கிறவருக்கு, அந்தத் தடம் அவர் அஞ்சிய விலங்கினுடையதாகவே தெரியும். சத்தியமங்கலம், தாளவாடி, முதுமலை ஓரங்களில் தடம் பார்த்துப் பழகியவன் என்ற முறையில், இந்த ஒரு தவறைத்தான் நான் எல்லாவற்றையும்விட அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

இந்தத் தவறுக்கு விலை உண்டு. தெருநாய்கள் கடித்த ஆட்டுக்காகச் சிறுத்தைக்குக் கூண்டு வைக்கச் சொல்லி ஊர் காத்திருக்கும்போது, அதே நாய்கள் மறுவாரமும் பட்டிக்குள் நுழைகின்றன. கோபத்தில் யாராவது செத்த மாட்டின் உடலில் விஷம் வைத்துவிட்டால், மாயாற்றுப் பள்ளத்தாக்கில் கூடு கட்டும் பாறு கழுகுகள் முதற்கொண்டு அந்த இறைச்சியைத் தொட்ட எல்லாமே சாகின்றன. ஆகவே கீழே விலங்கின் பெயரை வைத்து எதையும் வரிசைப்படுத்தவில்லை. உங்கள் கண்ணுக்கு முதலில் எது படுகிறதோ, அதிலிருந்து தொடங்கியிருக்கிறேன்.

எந்த அறிகுறியானாலும் முதலில் செய்ய வேண்டியவை மூன்று. தடத்தைச் சுற்றி ஆட்கள் மிதிக்காமல் நான்கு கற்களை வைத்து மறித்துவிடுங்கள். காலை எட்டு மணிக்குள், வெயில் சாய்வாக விழும்போதே பாருங்கள். உச்சி வெயிலில் நிழல் இல்லாததால் தெளிவான தடமும் தட்டையாகத் தெரியும். படம் எடுக்கும்போது பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்து, நேர் மேலிருந்து எடுங்கள். அளவுகோல் இல்லையென்றால் பத்து ரூபாய் நாணயம் போதும். அதன் விட்டம் 2.7 செ.மீ.

நான்கு விரல்களும் அவற்றுக்குப் பின்னால் ஒரு திண்டும் (பாதத்தின் நடுவில் உள்ள மெத்தை போன்ற பகுதி) தெரிகின்றன. பூனை இனமா, நாய் இனமா என்று விளங்கவில்லை

பெரும்பாலோர் நகத்தைத்தான் முதலில் தேடுகிறார்கள். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நாய் இனத்துக்கு அது இயலாது என்பது உண்மைதான். ஆனால் காய்ந்து இறுகிய மண்ணில் நாயின் நகம் பதியாமல் போகலாம். வழுக்கும் சேற்றில் சிறுத்தை நகத்தை நீட்டி ஊன்றியிருக்கலாம். எனவே நகத்தைக் கடைசிச் சான்றாக வைத்துக்கொண்டு, முதலில் விரல்கள் அமைந்துள்ள விதத்தைப் பாருங்கள்.

உங்கள் வலது கையைத் தரையில் கவிழ்த்து வைத்து, கட்டைவிரலை மடக்கிக்கொண்டு மற்ற நான்கு விரல்களைக் கவனியுங்கள். நடுவிரல் மற்றவற்றைவிட முன்னே நீண்டிருக்கும். பூனை இனத்தின் தடமும் அப்படித்தான்: ஒரு விரல் முந்தி நிற்கும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒத்திருக்காது. அந்த முந்திய விரல் நடுக்கோட்டுக்கு இடப்புறம் இருந்தால் வலது கால், வலப்புறம் இருந்தால் இடது கால். நாயின் தடத்தில் நடுவில் உள்ள இரண்டு விரல்களும் சமமாக நிற்கும். தடத்தை நெடுக்கில் மடித்தால் இரு பாதியும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும். நாயின் திண்டுக்கும் விரல்களுக்கும் இடையே உள்ள மண்மேட்டின் வழியாக ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட முடியும். பூனை இனத்தில் திண்டு பெரிதாக இடத்தை அடைத்துக்கொண்டிருப்பதால் அந்தக் குறி திண்டின்மேல் ஏறிவிடும். திண்டின் பின்விளிம்பில் மூன்று வளைவுகள் தெளிவாகத் தெரிந்தால் பூனை இனம் என்று தயங்காமல் சொல்லலாம்.

நாய் இனம் என்று முடிவானால், அது ஊர் நாயா செந்நாயா என்பதை ஒற்றைத் தடத்திலிருந்து சொல்ல முயலாதீர்கள். பழகிய வேட்டைத் தடுப்புக் காவலர்களும் அங்கே நிதானிப்பார்கள். செந்நாய்கள் கூட்டமாகச் செல்பவை. காட்டுப் பாதைகள் கூடும் சந்திகளில் பல எச்சங்கள் ஒரே இடத்தில் மான் மயிரோடு கிடந்தால் அது அவற்றின் வேலை. நாய் இனம் அல்லாவிட்டாலும் நாயைப் போலவே தடம் பதிக்கும் கழுதைப்புலியை மட்டும் தடத்திலேயே பிரிக்கலாம், ஏனென்றால் அதன் முன்பாதம் பின்பாதத்தைவிடக் கண்கூடாகப் பெரியது. விரல்களும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

பூனை இனம் என்பது உறுதி, புலியா, சிறுத்தையா?

வயது வந்த புலியின் முன்பாதத் தடம் ஏறத்தாழ 12 முதல் 16 செ.மீ. அகலம் இருக்கும். சிறுத்தைக்கு 7 முதல் 9 செ.மீ. வரை. காட்டுப்பூனை 5 செ.மீ.யைத் தாண்டுவது அரிது. வீட்டுப் பூனையின் தடம் அந்தப் பத்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே பெரிது, அவ்வளவுதான். இந்த அளவுகளுக்கு இடையே இவ்வளவு இடைவெளி இருந்தும் தவறு நேர்வதற்குக் காரணம், தடம் பதிந்த மண்.

ஒரு மழைக்கு அடுத்த நாள், வாழைத்தோப்பை ஒட்டிய ஓடைச் சேற்றில் 11.5 செ.மீ. அகலத்தில் ஒரு தடத்தைப் பார்த்துவிட்டு, புலி என்று நானே தோட்டக்காரரிடம் சொல்லியிருக்கிறேன். அதே தடம் ஓடையை விட்டு ஏறி, இருபது அடி தள்ளி வண்டிப்பாதையின் மெல்லிய புழுதியில் விழுந்திருந்த இடத்தில் அளந்தபோது 8.5 செ.மீ. தான் இருந்தது. இளகிய சேற்றில் சிறுத்தையின் விரல்கள் விரிந்து, கால் சற்று வழுக்கி, ஓரம் இடிந்து சரிந்ததால் தடம் அப்படிப் பெருத்திருந்தது. நான் திரும்பி வருவதற்குள் புலி என்ற செய்தி ஊருக்குள் போய்விட்டது. இரண்டு நாள் யாரும் மாடுகளை மேய்ச்சலுக்கு அனுப்பவில்லை. அன்றிலிருந்து, ஒரே விலங்கின் தடத்தைக் குறைந்தது ஐந்து இடங்களிலாவது, அதுவும் வேறு வேறு மண்ணில், அளக்காமல் வாய் திறப்பதில்லை. தடத்தின் மேல் உதட்டை அளக்காமல், கால் உண்மையில் ஊன்றிய அடித்தளத்தை அளப்பதும் அப்போது கற்றதுதான்.

அளவு சிறுத்தையுடையதாகவும் இடம் புலி நடமாடும் பகுதியாகவும் இருந்தால் புலிக்குட்டியா என்ற ஐயம் எழும். சின்னக் குட்டி தனியாகத் திரியாது. பெரிய தடம் அருகில் எங்கேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். தேடும்போது தடம் வந்த திசையில் பின்னோக்கிச் செல்லுங்கள். தடம் போன திசையில் போனால் தாயையே சந்திக்க நேரலாம்.

தடத்தை வைத்து இது இன்ன புலி என்று ஆளடையாளம் சொல்வதை மட்டும் நம்பாதீர்கள். 1966-இல் ஒடிசாவின் வன அதிகாரி எஸ்.ஆர். சௌத்ரி உருவாக்கிய காலடித் தடக் கணக்கெடுப்பு முறைதான் பல பத்தாண்டுகள் நாடு முழுவதும் புழக்கத்தில் இருந்தது. 2005-இல் ராஜஸ்தானின் சரிஸ்காவில் ஒரு புலிகூட மிஞ்சவில்லை என்று தெரியவந்த பிறகு அந்த முறை கைவிடப்பட்டு, தானியங்கிக் கேமராவில் பதியும் உடல் வரிகளைக் கொண்டு எண்ணும் முறை வந்தது. எந்த இனம் என்பதைத் தடம் சொல்லும். எத்தனை, எவை என்று அதைக் கேட்பது அதன் சக்திக்கு மீறியது.

ஐந்து, ஆறு விரல்கள் தெரிகின்றன

பூனை இனம் நிதானமாக நடக்கும்போது முன்கால் பதிந்த இடத்திலேயே பின்கால் விழும். இரண்டும் சற்று விலகிப் படிந்தால், ஆறு விரல்கள் கொண்ட நீண்ட, அச்சம் தரும் தடம் கிடைக்கும். அதே பாதையில் சற்று முன்னும் பின்னும் பாருங்கள். எங்காவது பிரிந்து விழுந்த ஒற்றைத் தடம் இருக்கும்.

உண்மையாகவே ஐந்து விரல்கள் என்றால் புனுகுப்பூனை, கீரி, நீர்நாய், கரடி ஆகியவற்றில் ஒன்று. கரடியின் பின்பாதம் வெறுங்காலோடு ஆள் நடந்த தடம் போலவே இருக்கும். தேன் எடுக்கப் போனவர்களின் தடம் என்று எண்ணிப் பலர் அதைத் தாண்டிப் போவதுண்டு. மனிதக் காலில் பெருவிரல் உட்புறம் இருக்கிறது. கரடிக்கு உட்புறத்து விரல்தான் சிறியது. கரடியின் விரல்கள் கிட்டத்தட்ட ஒரே நேர்கோட்டில் நிற்கும். முன்பாதத் தடமாக இருந்தால், விரல்களுக்கு வெகு முன்னே நீண்ட நகங்கள் குத்திய குழிகள் தனியாகத் தெரியும். அருகில் கறையான் புற்று கூம்பாகக் குடையப்பட்டிருந்தால் மேலும் சோதிக்க வேண்டியதில்லை. வந்த வழியே திரும்பிவிடுங்கள். புதருக்குள் படுத்திருக்கும் கரடி ஓடி ஒளிவதைவிட எழுந்து பாய்வதற்கே வாய்ப்பு அதிகம்.

ஆடு அல்லது மாடு செத்துக் கிடக்கிறது

உடலை நகர்த்தாதீர்கள். இழப்பீட்டுக்கு வனத்துறையினரும் கால்நடை மருத்துவரும் அதை இருந்த இடத்திலேயே பார்ப்பது நல்லது. சான்றுகளும் அங்கேதான் இருக்கின்றன. சிறுத்தை தன் இரையைத் தேடித் திரும்பி வரும் வழக்கம் உடையது. ஆகையால் மாலைக்குப் பிறகு அங்கே கூட்டம் கூடுவதும் காவலுக்குத் தனியாக ஒருவரை உட்கார வைப்பதும் கூடாது.

முதலில் எத்தனை ஆடுகள், எங்கெங்கே காயம் என்று எண்ணுங்கள். பின்தொடையிலும் விலாவிலும் காதிலும் வாலிலும் கிழிந்த கடிகள், பல ஆடுகள் காயத்தோடு நிற்பது, சதை அதிகம் தின்னப்படாமல் இருப்பது ஆகிய மூன்றும் சேர்ந்தால் நாய்கள் என்று முடிவு செய்யலாம். ஓடும் ஆட்டைப் பல வாய்கள் பின்னாலிருந்து பிடித்ததன் அடையாளம் அது. சிறுத்தை தொண்டையைக் கவ்வி மூச்சை நிறுத்திக் கொல்லும்; தொண்டையிலோ பிடரியிலோ ஆழமான பல் துளைகள் இருக்கும், மற்ற இடங்களில் கடி குறைவாக இருக்கும். அடைபட்ட பட்டிக்குள் நுழைந்த சிறுத்தை ஒரே இரவில் பல ஆடுகளைக் கொல்வதும் உண்டு. அதனால் எண்ணிக்கையை மட்டும் கொண்டு நாய் என்று சொல்லிவிடக் கூடாது. ஒவ்வோர் ஆட்டின் தொண்டையையும் தனித்தனியே பாருங்கள்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. செத்த உடலை வேறு விலங்குகளும் வந்து தின்னும். கழுதைப்புலியோ காட்டுப்பன்றியோ கடித்த தடத்தைப் பார்த்துவிட்டு அதுதான் கொன்றது என்று எழுதிவிடுவது எளிது. கால்நடை மருத்துவர் தோலை விலக்கிக் காட்டும்போது கவனியுங்கள். உயிரோடு இருக்கையில் விழுந்த கடிக்குக் கீழே இரத்தம் கன்றிக் கட்டியிருக்கும். உயிர் போன பிறகு விழுந்த கடிக்குக் கீழே சதை வெளுத்துக் கிடக்கும். நோயில் செத்த மாட்டை இரவில் நரிகள் தின்றுவிட்டுப் போன நிகழ்வுகளைப் பிரித்தறிய இதைவிட நம்பகமான வழி எனக்குத் தெரியாது.

தின்னத் தொடங்கிய இடமும் பேசும். புலி பெரும்பாலும் பின்தொடைப் பக்கத்திலிருந்து தின்னும். இரைப்பையை இழுத்து ஒரு பக்கமாகப் போட்டுவிடும். வளர்ந்த மாட்டையும் வெகுதூரம் இழுத்துச் செல்லும். சிறுத்தை வயிற்றுப் பக்கமோ நெஞ்சுப் பக்கமோ தொடங்குவது வழக்கம். மரக்கிளையில் இரை தொங்கினால் சிறுத்தைதான். ஆட்டைக் காணவில்லை, ஒரு சொட்டு இரத்தமும் இல்லை, ஆனால் புழுதியில் ஒரு சாண் அகலத்துக்கு இழுத்த கோடு தெரிகிறது என்றால், மலைப்பாம்பு விழுங்கிவிட்டு அருகிலேயே அசைய முடியாமல் கிடக்கலாம்.

பயிர் அழிந்திருக்கிறது

மரவள்ளி வயலில் வரிசை வரிசையாக மண் உழுததுபோலப் புரட்டப்பட்டு, செடிகள் சாய்ந்து கிடந்தால் காட்டுப்பன்றி. ஒரு செடியின் அடியில் மட்டும் குழி பறித்து, கிழங்கை மண்ணுக்குள்ளேயே கரண்டியிருந்தால் முள்ளம்பன்றி. கிழங்கில் மிஞ்சிய துண்டை எடுத்து வெயிலில் சாய்த்துப் பாருங்கள். உளியால் இழைத்ததுபோல அகலமான இரட்டைப் பள்ளங்கள் அருகருகே ஓடும். தென்னங்கன்றின் அடித்தண்டிலும் அதே பள்ளங்கள் இருக்கும். பன்றியின் குளம்புத் தடத்தில், இரண்டு குளம்புகளுக்குப் பின்னால், அவற்றைவிட அகன்ற இடைவெளியில் இரண்டு சிறு குத்துகள் பதியும். மானுக்கும் பின்குளம்பு உண்டு என்றாலும், அது ஓடும்போதோ ஆழ்ந்த சேற்றிலோ மட்டுமே தரையைத் தொடும். புள்ளிமானின் தடம் 5 செ.மீ. அளவில் கூர்மையான இதய வடிவம். கடமானுடையது அதே வடிவத்தில் பெரிது. வெள்ளாட்டின் குளம்பு நுனியில் மழுங்கி, நடுவில் விரிந்து நிற்கும்.

யானையைத் தவறாக அடையாளம் காண்பவர் யாரும் இல்லை என்று நினைப்பீர்கள். மழையில் நனைந்த வயலில் யானைத் தடம் நீர் நிரம்பிய வெறும் குழியாகக் கிடக்கும். அதில் கால் வைத்துத் தடுக்கி விழுந்த பிறகே உணர்ந்தவர்களை எனக்குத் தெரியும். வாழையில் ஐயமே வேண்டாம்: தண்டை மிதித்துப் பிளந்து உள்ளே இருக்கும் வெண்மையான குருத்தை மட்டும் உருவித் தின்றிருக்கும். ராகியைப் பிடிபிடியாகப் பிடுங்கி, வேரில் ஒட்டிய மண்ணைக் காலில் அடித்து உதறிவிட்டுத் தின்றிருக்கும். உதிர்ந்த மண்கட்டிகள் வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கலாம்.

வந்தது எவ்வளவு பெரிய யானை என்று அறிய ஒரு கயிறு போதும். முன்காலின் தடம் வட்டமாகவும் பின்காலின் தடம் நீள்வட்டமாகவும் இருக்கும். வட்டத் தடத்தின் விளிம்பைச் சுற்றிக் கயிற்றை வைத்து அளந்து, அதை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய தோள் உயரம் கிடைத்துவிடும்: சுற்றளவு 1.25 மீட்டர் என்றால் உயரம் 2.5 மீட்டர். பக்கத்து மரத்தில் சேறு பூசிய உயரம் அதற்கு ஒத்துவருகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே அளவில் ஒரு தடம் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் தனி ஆண் யானையாக இருக்க வாய்ப்பு அதிகம். சிறிதும் பெரிதுமாகக் கலந்திருந்தால் குட்டிகளோடு வந்த கூட்டம். இரவுக் காவலுக்குப் போகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் தோட்டங்களில் காட்டுமாட்டுத் தடத்தை வீட்டு மாட்டின் தடம் என்று எண்ணிவிடுவது வழக்கமான பிழை. சாணமும் ஒன்றுபோலவே இருப்பதால் அதுவும் கைகொடுக்காது. மேய்ப்பவரின் காலடி அருகில் இல்லாமல், வேலியைப் பொருட்படுத்தாமல் செங்குத்துச் சரிவில் நேராக ஏறிய தடமென்றால் காட்டுமாடு என்று கொண்டு, தேயிலை பறிக்கும் பெண்களை அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

எச்சம் மட்டுமே இருக்கிறது

ஒரு குச்சியால் பிரித்துப் பாருங்கள், கையால் வேண்டாம். மாமிச உண்ணிகளின் எச்சத்தில் மனிதருக்குத் தொற்றும் புழுக்களின் முட்டைகள் இருக்கலாம். மயிரும் எலும்புத் துணுக்கும் முறுக்கிய கயிறுபோல இருந்து முனை கூர்ந்தால் பூனை இனம். காய்ந்து சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் எலும்பை நொறுக்கித் தின்னும் கழுதைப்புலியாக இருக்கலாம், ஆனால் பழைய எச்சம் எதுவும் வெயிலில் ஓரளவு வெளுக்கும் என்பதை மறக்க வேண்டாம். பாறையின்மேல் மீன் செதிலும் நண்டு ஓடும் கலந்து கிடந்தால் நீர்நாய். காப்பிக்கொட்டை முழுதாக ஒட்டிக்கொண்டிருந்தால் மரநாய். கறையான் தலைகளும் சரக்கொன்றை, இலந்தை விதைகளும் கலந்த பெரிய குவியல் கரடியுடையது.

ஆற்று மணலில் வால் இழுத்த கோடு

கோட்டின் இருபுறமும் காலடிகள் இருந்தால் உடும்பு, அல்லது முதலை. அமராவதி அணையிலும் மாயாற்றிலும் சதுப்புநில முதலைகள் இருப்பதால், கோடு கை அகலத்துக்கு மேல் இருந்து நீருக்குள் இறங்கினால் அந்தத் துறையில் துணி துவைப்பதை நிறுத்துங்கள்.

தடம் புதியதா, பழையதா என்று தெரியவில்லை

தடத்துக்குள் மழைத்துளி குத்திய புள்ளிகள் இருந்தால் மழைக்கு முந்தையது. சிற்றெறும்பும் வண்டும் குறுக்கே நடந்த கோடுகள் தடத்தின்மேல் ஓடினால், தடம் விழுந்து சற்று நேரமாவது கழிந்திருக்கிறது. பக்கத்துப் புல்லில் பனித்துளி உதிர்ந்து ஒரு கோடாகப் பச்சை தெரிந்தால், பனி இறங்கிய பின் ஏதோ கடந்திருக்கிறது. அதாவது விலங்கு அருகிலேயே இருக்கலாம். யானை விட்டையின் மேற்புறம் காய்ந்திருந்தாலும் உட்புறம் வெதுவெதுப்பாக இருந்தால் அதே எச்சரிக்கை பொருந்தும்.

எதுவுமே தெளிவாக இல்லை

கல் தரையிலும் சருகின்மேலும் தடம் விழாது. அங்கே ஊகிப்பதை விட்டுவிட்டு, அந்த விலங்கு மறுபடி வரக்கூடிய பாதையின் குறுக்கே, ஒரு மீட்டர் அகலத்துக்கு, கல்லும் குச்சியும் நீக்கிச் சலித்த மண்ணை இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, ஒரு பலகையால் மட்டப்படுத்துங்கள். பொழுது சாய்வதற்கு முன்பு இதை முடித்துவிட்டு வீடு திரும்புங்கள். முதலில் உங்கள் வீட்டு நாயை அதன்மேல் ஒருமுறை நடக்க விட்டு, அந்தத் தடத்தை அளந்து படம் எடுத்து வைத்துக்கொண்டு, மண்ணை மறுபடி சமமாக்கிவிடுங்கள். மறுநாள் காலையில் விழுந்திருக்கும் தடத்தை அந்தப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு வனச்சரக அலுவலகத்தை அழைத்து, விலங்கின் பெயரைச் சொல்வதற்கு முன் தடத்தின் அகலம், விரல்களின் எண்ணிக்கை, நகம் பதிந்ததா இல்லையா, தடம் எந்தத் திசையில் போகிறது என்ற நான்கையும் சொல்லுங்கள்.